செழியனை எடுக்கச் சம்மதித்தவர்

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் முருகையனைப் பார்த்திராதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. கபடிப் போட்டியா, காது குத்தா, கட்சிக் கூட்டத்தில் தலைவர் வந்து சேரும்வரை ஜனத்தைக் கலையாமல் உட்கார வைக்க வேண்டுமா, பௌர்ணமிக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லித் தேட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்தக் குரல்தான். மைக் முருகையன் என்றால் வேங்கிக்காலில் இருந்து போளூர் வரைக்கும் தெரியும். வெறும் முருகையன் என்றால் எந்த முருகையன் என்று கேட்பார்கள்.

மைக் கிடைக்காத நாட்களில் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மடக்கு மேசை போட்டு மனு எழுதுவார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மூச்சுவிட நேரம் இருக்காது. பட்டா மாறவில்லை, பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான், முதியோர் பென்ஷன் நின்றுபோய்விட்டது என்று ஊர்க் குறையெல்லாம் அவர் காதுக்குள் புகுந்து காகிதத்தில் வந்து விழும். சாயங்காலம் மேசையை மடக்கி டீக்கடைக்குப் பின்னால் சாத்திவிட்டு, பஸ் ஏறி, அடி அண்ணாமலையில் இறங்கி வீட்டுப் பூட்டைத் திறப்பார். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை அவர் வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது.

வீட்டில் யாரும் இல்லை. மகன் சுரேஷ்குமார் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூன்று வருடத்துக்கு முன் கபடியில் முழங்கால் போய், ஆபரேஷன் முடிந்து, நடக்க வந்ததும் கிளம்பிவிட்டான். ஒரு மாதம் கூட இருந்து சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவனோடு போன மனைவி ஆதிலட்சுமி, அந்த ஒரு மாதத்தை இன்னும் முடிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால், "புள்ளைக்கு ஷிப்ட்டு மாறி மாறி வருதுங்க, வெளியில சாப்ட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்பாள். முருகையன் உடம்பும் வெளிச் சாப்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

மகன் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. போன் செய்தால் எடுப்பான். "ம்." "சாப்ட்டேன்." "டூட்டிக்குக் கிளம்பறேன்." அவ்வளவுதான். மூன்று வருடத்தில் அப்பனும் மகனும் பேசிய மிக நீளமான பேச்சு ஒன்றரை நிமிடம். அதுவும் ரேஷன் கார்டில் இருந்து தன் பெயரை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டது. ஊர் மனுவெல்லாம் எழுதும் முருகையன் அந்த ஒரு மனுவை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வரவேண்டும், வந்து எதிரில் உட்கார்ந்து நாலு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு ஆசை எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மார்கழி கடைசியில் ஒரு காலை, கிரிவலப் பாதையோரத்து டீக்கடையில் அந்தப் பேச்சு வெடித்தது. கிளப்பிவிட்டவன் வேணு. அடி அண்ணாமலை இளங்காளை கபடிக் குழுவுக்குச் செயலாளர் அவன்தான்.

"எல்லாரும் கீறீங்க, நல்லதாப் போச்சு. வேங்கிக்கால் டீமுக்கும் செழியனுக்கும் ஒத்து வரல. அவங்க நம்ம மாறனக் கேக்கறாங்க. மாறனக் குடுத்துட்டு செழியன நாம எடுத்துக்கலாம். நாளைக்குள்ள பதில் சொல்லணும். இன்னா சொல்றீங்க?"

கடையில் ஒரு நிமிடம் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நிமிடம் யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

முதலில் எழுந்தவர் ராமகிருஷ்ணன். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முருகையனுக்கு இந்த ஊரில் நண்பர் என்று சொல்லிக்கொள்ள இருந்தவர் அவர் ஒருவர்தான். தினமும் காலை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார்கள்.

"யோவ் வேணு, ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? அம்பயர் மேல கை வெச்சதுக்கு ஆறு மாசம் ஆட விடாம ஒக்கார வெச்ச ஆளுய்யா அவன். மாறன் யாரு? நம்ம ஊட்டுப் புள்ள. அவனத் தூக்கிக் குடுத்துட்டு ஒரு ரவுடியக் கூட்டிக்கினு வரப் போறியா?"

"அம்பயர் மேல கை வெச்சது போளூர்ல, அஞ்சு வருசம் முன்னால. அப்ப அவனுக்கு வயசு பத்தொம்பது. தண்டனையும் அனுபவிச்சுட்டான்" என்றான் வேணு.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்கடைக்காரர் நாரைப் பல்லில் கடித்தபடி குறுக்கே புகுந்தார். "ஆட்டத்தப் பேசுங்கப்பா. நமக்குப் பாடிப் போறதுக்கு மாறனோட சேத்து மூணு பேரு கீறாங்க. புடிக்கிறதுக்குத்தான் ஆளு இல்ல. நாலு வருசமா செமிபைனல்ல வெளிய வர்றோமே, எதனால? கார்னர்ல நிக்கறவன் காத்தப் புடிச்சுக்கினு நிக்கறான். செழியன் ஒரு காலத் தொட்டான்னா அப்புறம் விடுவானா?"

"அதத்தான்யா நானும் சொல்றேன், விடவே மாட்டான்!" என்று கத்தினார் ராமகிருஷ்ணன். "விசில் ஊதினப்புறமும் விடாமப் புடிச்சுத் திருவுனானே, மறந்துட்டீங்களா?"

"ஐபிஎல்ல இப்பிடித்தாண்ணா ஆள் மாத்திக்கறாங்க. டிரேடுன்னு பேரு" என்று ஓரத்தில் இருந்து யாரோ சொன்னார்கள்.

"ஐபிஎல்லு காசுக்கு ஆடறது. இது ஊருக்கு ஆடறதுய்யா. மானம்னு ஒண்ணு கீதா இல்லியா?"

"மானம் ஜாஸ்தியாத்தான் கீது. கப்புதான் கம்மியாக் கீது."

சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியும் போனது. எல்லாருடைய பார்வையும் பெஞ்சுக் கோடியில் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த முருகையன் பக்கம் திரும்பியிருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். சுரேஷ்குமாரின் முழங்காலை முடித்தது செழியனின் பிடி. மூன்று வருடத்துக்கு முன், மாட்டுப் பொங்கல் அன்று, வேங்கிக்கால் மைதானத்தில் நடந்தது. அன்றைக்கு மைக்கில் இருந்தவர் முருகையன்தான். அதற்கப்புறம் செழியன் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவன் பெயரை அவர் மைக்கில் சொன்னதில்லை. "நான்காம் எண் வீரர்" என்பார், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். விசில் ஊதியும் விடாதவன், வேண்டுமென்றே காலைத் திருகியவன் என்று இந்த டீக்கடையில் அவர் சொல்லாத நாள் இல்லை. அம்பயர் விவகாரம் ஏற்கெனவே இருந்ததால் ஊரும் அதை அப்படியே நம்பியது. மைக் இல்லாமல் முருகையன் பேசினாலும் அது நாலு ஊருக்குப் பரவிவிடும்.

"அண்ணே, கடைசி வார்த்தை ஒங்க வார்த்தைதான்" என்றான் வேணு. "நீங்க வேணாம்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுடறேன்."

முருகையன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் ஆடற டீமுக்கு நான் மைக் புடிக்க மாட்டேன். வேற யாரையாவது பாத்துக்க."

ராமகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஜெயித்த முகத்தோடு இன்னொரு டீ சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முருகையன் மனைவிக்குப் போன் போட்டார். அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மகனுக்குப் பிடித்த சேதி ஒன்றைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறதே! செழியனை ஊருக்குள் விடவில்லை, உன் அப்பன் ஒற்றை ஆளாய் நின்று தடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், பையன் குரலில் ஒரு மாற்றமாவது தெரியாதா?

"கேட்டியா சேதிய? அந்தச் செழியன நம்ம டீமுக்கு எடுக்கப் பாத்தானுங்க. நான் ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன். சுரேஷு கிட்ட சொல்லு."

முருகையன் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"லட்சுமி, லைன்ல கீறியா?"

"ஏங்க இப்பிடிப் பண்ணீங்க?" என்றாள் ஆதிலட்சுமி. "அந்தப் புள்ள பாவங்க. வேங்கிக்கால்ல சரியா நடத்தலன்னு சுரேஷு கிட்ட சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டுச்சு. போன ஞாயித்துக்கிழம கூட இங்க வந்துட்டுத்தான் போச்சு. கருவாட்டுக் கொழம்பு வெச்சேன், நல்லா சாப்ட்டுச்சு."

"எங்க வந்தான்?"

"இங்கதாங்க. நம்ம ஊட்டுக்கு."

ஒரகடத்து வாடகை வீட்டை அவள் நம் வீடு என்றாள். அதுவே முருகையனுக்கு நெஞ்சில் இடித்தது. மற்றதையும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். செழியன் இன்று நேற்று வந்தவன் அல்ல. சுரேஷ் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் இருந்தே வந்துகொண்டிருக்கிறான். மைதானத்தில் இருந்து அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டதே செழியன்தான். மாதம் ஒரு முறையாவது ஒரகடம் போவான். வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுவான். இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்களாம்.

"மணிக்கணக்குலயா?"

"ஆமாங்க. இன்னாதான் பேசுவாங்களோ, ஒரே சிரிப்பு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவன்தான் சொல்ல வேணாம்னான்."

போனை வைத்துவிட்டு முருகையன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் ஆள் அகப்படவில்லை. இத்தனை நாளும் மகனுக்கும் தனக்கும் பொதுவாக மிச்சம் இருப்பது செழியன் மேல் உள்ள வெறுப்பு ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார். அதில் மகன் பங்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முழுக்க அவருடையது.

உண்மை அவருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்ததால்தான் அத்தனை சத்தமாகச் செழியனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைக் பிடித்தால் எனக்குப் பிள்ளையும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது என்று முருகையன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். யார் நன்றாக ஆடினாலும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார். அதுதான் அவர் தொழிலில் எடுத்த பேர். அந்த மாட்டுப் பொங்கலில் சத்தம் கம்மியாக இருக்கிறது, ஆட்டம் சப்பென்று இருக்கும் என்று சொல்லி, ரேடியோ செட்டுக்காரரோடு சண்டை போட்டு, இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் கோட்டுக்கு ஓரமாக, அம்பயர் நிற்கும் பக்கத்திலேயே வைக்கச் செய்தவரும் அவர்தான். சுரேஷ் பாடிப் போனான். செழியன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அது சுத்தமான பிடி. முருகையனுக்கு அப்போது பிள்ளை ஞாபகம் இல்லை. "புடின்னா இது புடி! விடாதே தம்பி! விடாதே! விடாதே!" என்று முழங்கினார். அம்பயர் விசில் ஊதினார். செழியன் காதில் விழுந்தது விசில் அல்ல, விடாதே என்ற குரல். அவன் விடவில்லை. இன்னும் இரண்டு பேர் மேலே வந்து விழுந்தார்கள். கீழே கிடந்த சுரேஷ் கத்தினான். கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. அவன் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

யாரோ போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. மகனின் வாய் திறந்து மூடுவது அதில் தெரியும். கேட்பது முருகையனின் குரல் மட்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு அதை அழித்துவிட்டார்.

மறுநாள் காலை விடிந்ததும் வேணு வீட்டுக்குப் போய் நின்றார். "மாறனக் குடுத்துட்டு அவன எடுத்துக்கோ. எனக்கு ஆட்சேபனை இல்ல."

வேணுவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அண்ணே, நெசமாவா?"

"நெசமாத்தான். மைக்கும் நானே புடிக்கறேன்."

அவர் போட்ட கணக்கு சின்னக் கணக்கு. செழியன் நம் ஊருக்கு ஆடினால், அவனைப் பார்க்க சுரேஷ் வருவான். அப்பனுக்காக வராதவன் நண்பனுக்காகவாவது ஊர் எல்லையை மிதிப்பான். மிதித்தால் வீடு ஐந்து நிமிட நடைதான்.

இந்தக் கணக்கை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம். டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் ராமகிருஷ்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வருசமா அவன் உன் புள்ள கால வேணும்னே ஒடிச்சான்னு சொன்னது நீதான? உன் வார்த்தைய நம்பித்தான நான் நேத்து ஊர் முழுக்கப் பகைச்சுக்கினேன்? இப்ப இன்னா வந்துச்சு?"

"அவன் மேல தப்பு இல்லப்பா."

"அப்ப யாரு மேல?"

முருகையன் வாய்வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். ராமகிருஷ்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளில் இருந்து முருகையன் கடைக்குள் போகாமல் ரோட்டோரம் நின்றே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வேணு எதையோ கொடுத்து அவர் வாயை அடைத்துவிட்டான் என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள். மாறன் வீட்டார் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரில் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மனிதர்களும் போனார்கள்.

வெளியூர் ஆட்டக்காரரை எடுத்தால் கோயில் வாசலில் வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் கையால் தாம்பூலமும் ஜெர்சியும் கொடுப்பது இளங்காளையின் வழக்கம். தட்டை வாங்கிய பிறகு அவன் அந்த ஊர்ப் பிள்ளை. போகிக்கு முந்தின நாள் அந்தத் தட்டை முருகையன் கையில் கொடுத்தான் வேணு. வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை.

செழியன் குனிந்து தட்டை வாங்கினான். கிட்டத்தில் பார்த்தால் ரவுடி மாதிரியே இல்லை. காது மடல் நசுங்கிப் போன, கூச்ச சுபாவமுள்ள பையன்.

"அப்பா" என்றான் தணிந்த குரலில். "அன்னிக்கு விசிலு எனக்குக் கேக்கவே இல்லப்பா. சாமி சத்தியமா."

"தெரியும்."

செழியன் நிமிர்ந்தான். "தெரியுமா?"

"தெரியும்பா" என்றார் முருகையன். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது அவருக்கு அடியைவிட உறைத்தது.

"சுரேஷு வர்றானா ஆட்டத்துக்கு?"

"கூப்ட்டிருக்கேன்பா. லீவு கெடச்சா வர்றேன்னு சொன்னாரு."

காணும் பொங்கல் மத்தியானம் அடி அண்ணாமலை மைதானத்தில் முதல் ஆட்டம். முருகையன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கோட்டில் இருந்து நாற்பது அடி தள்ளி வைக்கச் சொன்னார். ரேடியோ செட்டுக்காரருக்கு ஆச்சரியம். கோட்டுக்குப் பக்கத்தில் வேணுவின் தங்கை கவியா, யூடியூப் லைவுக்காகப் போனை ஒரு கம்பில் கட்டி நிறுத்தியிருந்தாள். வெளியூரில் வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் ஆட்டம் பார்ப்பார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் முருகையன் கூட்டத்தை ஒரு முறை துழாவினார். தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவர்களில், வலது காலைக் கொஞ்சம் தாங்கி நடப்பவன் யாராவது தென்படுகிறானா என்று பார்த்தார். பிறகு மைக்கைத் தட்டினார்.

"ஆட்டத்துக்கு முன்னால ஒரு விஷயம். இன்னிக்கு நம்ம ஊருக்கு ஆட வந்திருக்கிற செழியனைப் பத்தி மூணு வருசமா ஒரு பேச்சு இருக்கு. அதைப் பரப்புனது நான். அது பொய். விசில் அவனுக்குக் கேக்கல. கேக்காமப் போனதுக்குக் காரணம் என் சத்தம். விடாதே விடாதேன்னு கத்துனது நான். என் புள்ள கத்துனது எனக்கே கேக்கல." அவர் குரல் கம்மியது. நாற்பது வருடத்தில் மைக்கில் அப்படி ஆனது கிடையாது. "சுரேஷு, நீ எங்க இருந்தாலும் சரி, அப்பா பண்ணது தப்புதான்பா."

ராமகிருஷ்ணன் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று பார்த்தார். பிறகு யாரோ ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

அன்றைக்கு முருகையன் பேசியதைப் போல அதற்கு முன்னால் பேசியதில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்கே ஏற்ற வேண்டுமோ அங்கே ஏற்றினார். விசில் வரும் நேரம் பார்த்து வாயை மூடினார். செழியன் பதினோரு பேரைப் பிடித்தான். இளங்காளை எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒவ்வொரு பிடிக்கும் அவர் கண் கூட்டத்தைத் துழாவிவிட்டு வந்தது. சுரேஷ் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு செழியன் தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் வந்தான்.

"லீவு கெடைக்கலையாம்பா. ஆனா டூட்டில பிரேக் எடுத்துக்கினு முழுசாப் பாத்துட்டாராம். லைவ்ல."

முருகையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தானா? அப்ப ஆரம்பத்துல நான் பேசினத..."

செழியன் பாட்டில் மூடியைத் திருகினான். திரும்பத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"சவுண்டு வெச்சுக்க மாட்டாருப்பா. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும் அப்பிடித்தான். நீங்க பேசற மேட்சுன்னா சவுண்ட அமுக்கிட்டுத்தான் பாப்பாரு. அந்தச் சத்தம் கேட்டா காலு வலிக்குதுன்னுவாரு." பிறகு அவசரமாக, "நீங்க சொன்னத நான் அவருகிட்ட சொல்லிடறேன்பா" என்றான்.

முருகையன் தலையை ஆட்டினார். சொல் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது. வீட்டுக்குப் போய் வேட்டியைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டார். மூன்று வருடமாக ஊர் ஊராய்ப் போய் முழங்கினோமே, அத்தனையும் பிள்ளை காதில் விழும் என்றல்லவா முழங்கினோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. யாரும் இல்லாத வீடுதானே என்று நன்றாகவே அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. முருகையன் சீக்கிரமே மைதானத்துக்கு வந்து, பெஞ்சில் இருந்த ராமகிருஷ்ணனிடம் நேராகப் போனார். கையில் இருந்த மைக்கை நீட்டினார்.

"இன்னிக்கு நீ பேசு."

"நானா? யோவ், எனக்கு இன்னாய்யா தெரியும்?"

"முப்பது வருசம் பஸ்ஸுல கத்தலியா நீ? அது போதும்."

ராமகிருஷ்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு இளங்காளை ரெய்டர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் "போலாம் ரைட்" என்றும், பிடிபட்டால் "எறங்கு எறங்கு" என்றும் அவர் வர்ணித்ததில் கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது வேறு கதை.

அதற்கு முன்பே முருகையன், காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த செழியனைத் தேடிப் போயிருந்தார்.

"சுரேஷுக்கு ஒரு மெசேஜ் போடுப்பா. இன்னிக்கு அப்பா பேசலன்னு போடு. சவுண்டு வெச்சுக்கினு பாக்கச் சொல்லு. நல்ல ஆட்டம், சத்தமில்லாமப் பாக்கக் கூடாது."

செழியன் போனை எடுத்தான்.

கவியா போனைக் கட்டியிருந்த கம்பில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் தன் குரல் அதில் விழாது என்று முருகையனுக்குத் தெரியும். நாற்பது வருடத் தொழில் அது. மைதானத்தைவிட்டு வெளியே வந்து, கிரிவலப் பாதையைக் கடந்து, எதிர்ச்சாரியில் பூட்டியிருந்த கடையின் படியில் ஏறி நின்றார். அங்கிருந்து ஆட்டம் பாதிதான் தெரிந்தது. செழியன் முதல் காலைப் பிடித்தபோது மைதானமே கூவியது. அவருக்கும் தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினார். கைத்தட்டல் அங்கே எட்டினாலும் அது யாருடையது என்று ஒரகடத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.